காகித விண்ணப்பமா, ஆன்லைன் விண்ணப்பமா: முதலாளிகள் ஏன் படிவத்தின் பக்கம் சாய்கிறார்கள்?

வேலைக்கு ஆள் எடுப்பது என்று முடிவானதும் அடுத்த கேள்வி, விண்ணப்பத்தை எப்படி வாங்குவது என்பது. தபாலிலோ நேரிலோ காகிதமாக வாங்கலாம். 'ரெஸ்யூமை இந்த இமெயிலுக்கு அனுப்பவும்' என்று போட்டுவிடலாம். இணையத்தில் ஒரு படிவம் வைத்து, அதை நிரப்பச் சொல்லலாம். பெரிய நிறுவனங்கள் மூன்றாவது வழிக்கு எப்போதோ போய்விட்டன. சிறியவை ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

காரணம் கேட்டால் 'வேகம், செலவு மிச்சம்' என்பார்கள். தப்பில்லை. ஆனால் ஆள் எடுக்கும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று தெரியும். காகிதத்தில் வந்த விவரங்களை அலுவலகத்தில் யாராவது உட்கார்ந்து எக்செல்லில் ஏற்ற வேண்டும். ஆன்லைன் படிவத்தில் அந்த வேலையை விண்ணப்பிப்பவரே செய்து கொடுத்துவிடுகிறார், அதுவும் சம்பளம் வாங்காமல். ஆன்லைன் முறையின் வசதிகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகின்றன. கோளாறுகளும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன. எந்த வழி நமக்குச் சரிப்படும் என்று முடிவெடுக்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.

கவரைக் கிழித்த பிறகு

ஒரு வேலைக்கு 300 காகித விண்ணப்பம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கவரைக் கிழிக்க வேண்டும். உள்ளே இருக்கும் தாளின் ஓரமும் சேர்ந்து கிழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வந்த தேதி முத்திரை குத்தி, வரிசை எண் போட்டு, பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகப் படித்து மூன்று கட்டாகப் பிரிப்பார்கள்: கூப்பிடலாம், பார்க்கலாம், வேண்டாம். நடுவில் இருக்கும் 'பார்க்கலாம்' கட்டுதான் எப்போதும் உயரமாக வளரும்.

நேர்காணல் குழுவில் மூன்று பேர் என்றால் மூன்று செட் ஜெராக்ஸ் தேவை. பின்னைப் பிரித்து, நகல் எடுத்து, திரும்பப் பின் அடிக்கும் இடத்தில்தான் ஒருவருடைய இரண்டாம் பக்கம் இன்னொருவருடைய முதல் பக்கத்தோடு போய்ச் சேரும். 'கிடங்கில் ஆறு வருஷம் இருந்தீங்களா?' என்று குழுவினர் கேட்க, எதிரே இருப்பவர் திருதிருவென்று விழிக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

ஒரு விண்ணப்பத்தைப் படித்து முக்கியமானதைக் குறித்துக்கொள்ள 3 நிமிடம் என்றாலும் 300-க்கு 15 மணி நேரம் ஆகிறது. இரண்டு முழு வேலைநாள் இதிலேயே போய்விடும். இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஒரே தடவையோடு முடிந்தால். மேலாளர் வந்து, 'இரவு ஷிப்டுக்குச் சம்மதிக்கிறவர்கள் எத்தனை பேர்?' என்று கேட்பார். மறுபடியும் முதல் தாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 'அதில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரிந்தவர்கள்?' மறுபடியும். இதைவிடக் கொடுமை, இரவு ஷிப்ட் பற்றி முக்கால்வாசிப் பேர் பயோடேட்டாவில் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார்கள். சம்மதம் இல்லாததால் எழுதவில்லையா, யாரும் கேட்காததால் எழுதவில்லையா என்று காகிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஃபோன் போட்டுத்தான் கேட்க வேண்டும்.

ஆன்லைன் படிவத்தில் அது ஒரே ஒரு கட்டாயக் கேள்வி. ஆம் அல்லது இல்லை என்று சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. 300 பேரும் ஒரே கேள்விக்கு ஒரே வடிவத்தில் பதில் கொடுத்திருப்பார்கள். ஃபில்டரை ஒரு தடவை தட்டினால் பட்டியல் வந்துவிடும். இன்னொரு கேள்வி தோன்றினால் இன்னொரு தடவை தட்டினால் போதும். முதலாளிகளை மயக்குவது இந்த வசதிதான். தபால் தலைக் காசு மிச்சமாவதெல்லாம் சில்லறை விஷயம்.

இந்த ஆசை இணையத்தோடு வந்ததும் இல்லை. 1980-களின் கடைசியிலேயே அமெரிக்காவில் ரெஸ்யூமிக்ஸ் என்ற நிறுவனம், வந்த காகித ரெஸ்யூம்களை ஸ்கேன் செய்து எழுத்துகளைப் பிரித்தெடுத்துத் தரவுத்தளத்தில் ஏற்றும் மென்பொருளை விற்றது. 1990-களில் வேலை தேடியவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகளைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்: வெள்ளைத் தாளில் மட்டும் அச்சடியுங்கள், அடிக்கோடு வேண்டாம், பின் அடிக்காதீர்கள், தாளை மடிக்காமல் பெரிய கவரில் வையுங்கள். மடிப்பு ஒரு எழுத்தின் மேல் விழுந்தால் ஸ்கேனருக்கு அது வேறு எழுத்தாகத் தெரியும்! ஆக, காகிதம் வந்துகொண்டிருந்த காலத்திலேயே அதைக் காகிதமாக வைத்துக்கொள்ள நிறுவனங்களுக்கு விருப்பம் இல்லை. 1994-ல் மான்ஸ்டர் போர்டு போன்ற வேலைவாய்ப்புத் தளங்கள் வந்தன. அதன் பிறகு ஸ்கேன் செய்யும் செலவும் எதற்கு, விண்ணப்பிப்பவரே நேராகத் தரவுத்தளத்தில் எழுதட்டும் என்று ஆகிவிட்டது.

இமெயில் என்ற நடுவழி

சிறு நிறுவனங்களுக்கு 'ரெஸ்யூமை இமெயில் பண்ணுங்க' என்பது பாதுகாப்பான நடுவழியாகத் தோன்றும். படிவம் உருவாக்கும் தொல்லை இல்லை, காகிதக் குப்பையும் இல்லை. என்னைக் கேட்டால் மூன்றில் மோசமானது இதுதான்.

இமெயிலில் வருவது தபால் தலை ஒட்டாத காகிதம். ஒருவர் பி.டி.எஃப். அனுப்புவார், இன்னொருவர் வேர்டு கோப்பு. மூன்றாமவர் தாளை ஃபோனில் படம் எடுத்து அனுப்புவார், அது பக்கவாட்டில் படுத்திருக்கும். நான்காமவர் டிரைவ் லிங்க் கொடுப்பார், தட்டினால் அனுமதி கேட்கும். கோப்புக்குப் பெயர் 'ரெஸ்யூம் ஃபைனல்', அதே ஆளிடமிருந்து மறுநாள் 'ரெஸ்யூம் ஃபைனல் புதுசு'. இரண்டில் எதை எடுத்துக்கொள்வது? சில நல்ல விண்ணப்பங்கள் ஸ்பாம் பெட்டியில் கிடக்கும், யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். விவரங்களை எக்செல்லில் ஏற்றும் வேலை இப்போதும் அலுவலகத்தின் தலையில்தான். வேலை மாறிப் போகும் எச்.ஆர். ஊழியரின் கணக்கை மூடினால் இன்பாக்ஸோடு விண்ணப்பங்களும் போய்விடும்.

இதில் சட்டச் சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் சமவாய்ப்புச் சட்டங்களின் கீழ் வரும் தனியார் நிறுவனங்கள் விண்ணப்பங்களைக் குறைந்தது 1 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம் எதிர்ப்பக்கமாக இழுக்கிறது: தேவை முடிந்த தனிநபர் விவரத்தை வைத்திருக்கக் கூடாது, விண்ணப்பித்தவர் அழிக்கச் சொல்லிக் கேட்கவும் உரிமை உண்டு. எடுத்துக் காட்டு என்றால் காட்டவும், அழி என்றால் அழிக்கவும் தெரிய வேண்டும். பூட்டிய அலமாரியில் ஒரே ஃபைலாகக் காகிதம் இருந்தால்கூட இதைச் செய்துவிடலாம். ஐந்து மேலாளர்களுக்கு ஃபார்வர்டு செய்து, அவர்கள் ஐந்து கணினியில் இறக்கி வைத்த பி.டி.எஃபை யார் தேடிப் பிடிப்பது? ஒரே இடத்தில் சேர்ந்து, யார் பார்க்கலாம் என்று அனுமதி வைத்த படிவத்தில் இந்தத் தலைவலி பெருமளவு குறைகிறது.

வாசலை அகலத் திறந்தால்

ஆன்லைன் முறையை விற்பவர்கள் சொல்லாமல் விடுவது, சுலபமாக்கினால் கூட்டம் சேரும் என்பதைத்தான். காகித விண்ணப்பத்துக்கு அச்சடித்து, கவர் வாங்கி, தபால் பெட்டி வரை நடக்க வேண்டும். பாதி மனசோடு இருப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். ஒரே தட்டில் விண்ணப்பிக்கும் பொத்தான் வைத்தால் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் இருபது வேலைக்குப் போட்டுவிடலாம். இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுக்கும் விண்ணப்பக் கடிதங்களும் சேர்ந்துகொண்டன. எல்லாம் ஒரே மாதிரி மணக்கும். 300 வந்த இடத்தில் 3,000 வருகிறது. அவ்வளவையும் மனிதர் படிக்க முடியாது என்பதால் வடிகட்டும் வேலையை மென்பொருளிடம் விடுகிறார்கள். அங்கேதான் நல்ல ஆட்கள் தொலைகிறார்கள்.

ஏ.டி.எஸ். என்று சொல்லப்படும் விண்ணப்ப மென்பொருள் ரெஸ்யூமை வாசிக்கும் விதத்தைப் பாருங்கள். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஒருவர் இரண்டு நெடுவரிசை வைத்து ரெஸ்யூம் தயாரிக்கிறார். இடது பக்கம் தெரிந்த மொழிகள், வலது பக்கம் பார்த்த வேலைகள். பல மென்பொருள்கள் இரண்டையும் கோடு கோடாகச் சேர்த்துப் படித்துவிடும். நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் 'ஆங்கிலம் கணக்காளர்' என்று வந்து உட்காரும். ஃபோன் எண்ணைத் தாளின் தலைப்புப் பகுதியில் வைத்திருந்தால் சில மென்பொருள்கள் அந்தப் பகுதியைப் பார்ப்பதே இல்லை. ஸ்கேன் செய்த பி.டி.எஃப். என்றால் அது வெறும் படம். உள்ளே தேடிப் பார்க்க எழுத்தே இருக்காது. மனிதர் ஒரு நொடியில் புரிந்துகொள்ளும் தாள் அது.

வடிகட்டியின் கண்டிப்பு இன்னொரு பிரச்சினை. ஐந்து வருட அனுபவம் கட்டாயம் என்று வைத்தால் நான்கு வருடம் பதினோரு மாதம் வேலை பார்த்தவர் வெளியே. குழந்தைப் பேற்றுக்காகவோ பெற்றோரைக் கவனிக்கவோ ஒரு வருடம் வேலையை விட்டவர் வெளியே. 2021-ல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் அக்சென்ச்சர் என்ற ஆலோசனை நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், தகுதியான ஆட்கள் இப்படி நிபந்தனைக்கு அச்சு அசலாகப் பொருந்தாத காரணத்தால் வடிகட்டப்படுகிறார்கள் என்று 88 சதவீத நிறுவனங்களே ஒப்புக்கொண்டன. காகிதக் கட்டைப் புரட்டும் அனுபவசாலி ஒருவர் அந்த நான்கு வருடம் பதினோரு மாதக்காரரைச் சிரித்துக்கொண்டே 'கூப்பிடலாம்' கட்டில் போட்டிருப்பார்.

இதைச் சொன்னதும், அப்படியானால் காகிதம்தான் நியாயமானதா என்று கேட்கத் தோன்றும். அதுவும் இல்லை. மரியான் பெர்ட்ரான்ட், செந்தில் முல்லைநாதன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. பாஸ்டன், சிகாகோ நகரங்களின் செய்தித்தாள் விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 கற்பனை ரெஸ்யூம்களைத் தபாலிலும் ஃபேக்ஸிலும் அனுப்பினார்கள். தகுதி ஒரே தரம், மேலே இருக்கும் பெயர் மட்டும் வேறு. வெள்ளையர் பெயராக ஒலித்தவற்றுக்குக் கறுப்பினப் பெயர்களைவிட 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. அவை எல்லாமே மனிதர் கையில் எடுத்துப் படித்த காகிதங்கள். பிரான்ஸில் கையால் எழுதிய கடிதம் கேட்டு வாங்கி, கையெழுத்தைப் பார்த்துக் குணம் கணிப்பதே ஒரு வழக்கமாக இருந்தது. கையெழுத்துக்கும் வேலைத் திறமைக்கும் தொடர்பு இருப்பதற்கு ஆய்வுகளில் உருப்படியான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

படிவத்தில் பெயர், வயது, புகைப்படம் மூன்றையும் முதல் சுற்றில் மறைத்துவிட முடியும். காகிதத்தில் அதைச் செய்யக் கறுப்பு மார்க்கரும் பொறுமையும் வேண்டும். ஆனால் மறைக்கும் வசதி இருந்தும் பலர் பயன்படுத்துவதில்லை. தரம் போடும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்தால் பாரபட்சம் போய்விடும் என்பதும் நிச்சயமில்லை. அமேசான் நிறுவனம் 2014-ல் தொடங்கிச் சோதித்துப் பார்த்த ஒரு மென்பொருள், பழைய ரெஸ்யூம்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. பெண்கள் என்ற சொல் வரும் ரெஸ்யூம்களுக்கு அது மதிப்பெண்ணைக் குறைத்ததாக 2018-ல் ராய்ட்டர்ஸ் எழுதியது. அதற்குள் நிறுவனம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டிருந்தது. நியூயார்க் நகரம் 2023 ஜூலை முதல், இப்படித் தானாக ஆள் தேர்ந்தெடுக்கும் கருவிகளைப் பாரபட்சத் தணிக்கை செய்யாமல் பயன்படுத்தக் கூடாது என்ற சட்டத்தை அமல்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டமும் ஆட்சேர்ப்புக் கருவிகளை அதிக ஆபத்து உள்ளவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது. கருவி வாங்கும் சிறு முதலாளிகள் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பாரபட்சத் தணிக்கை செய்தாயிற்றா என்பதுதான். பெரும்பாலும் விலையை மட்டும் கேட்டுவிட்டு வருகிறார்கள்.

எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. அலமாரியை உடைப்பவர் ஓர் அலமாரி ஃபைலைத்தான் எடுத்துப் போக முடியும். மெக்டொனால்ட்ஸ் கடைகளுக்கு ஆள் எடுக்கப் பயன்படுத்தப்பட்ட ஒரு தளத்தின் நிர்வாகக் கணக்குக்குள் '123456' என்ற பாஸ்வேர்டைப் போட்டே நுழைய முடிந்தது என்று 2025-ல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அங்கே இருந்த பதிவுகள் கோடிக்கணக்கானவை.

எந்த நிறுவனத்துக்கு எது

ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேரை, அதுவும் பக்கத்திலிருந்து வரும் ஆட்களை எடுக்கும் கடைக்கோ பட்டறைக்கோ மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஒரு பக்கக் காகிதப் படிவம் அச்சடித்து வைத்தால் போதும். வெற்றுத் தாளில் 'எழுதிக் கொடுங்க' என்று சொல்வதுதான் தவறு. கேள்விகளை முதலாளி தீர்மானித்து அச்சடித்துவிட்டால் காகிதத்தின் குறைகளில் பாதி தீர்ந்துவிடும்.

பத்து, இருபது பேர் எடுக்கும்போது இலவச இணையப் படிவம் ஒன்று போதும், கூகுள் ஃபார்ம் மாதிரி. விடைகள் தானாக அட்டவணையில் விழுந்துவிடும். கேள்விகள் பத்துக்குள் இருக்கட்டும். ரெஸ்யூமை ஏற்றச் சொல்லிவிட்டு, அதில் இருக்கும் அதே விவரத்தைக் கட்டம் கட்டமாக மறுபடி தட்டச் சொல்லும் நிறுவனங்களைப் பார்த்திருப்பீர்கள். ஃபோனில் நிரப்புகிறவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அதுவும் வேறு வேலை கிடைக்கக்கூடிய நல்ல ஆட்கள்தான் முதலில் போவார்கள். அனுபவம் எத்தனை ஆண்டு என்ற கட்டத்தில் எண் மட்டும் ஏற்கும்படி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் '3 வருசம்', 'மூன்றரை', '2019ல இருந்து' என்று மூன்று விதமாக வரும், ஃபில்டர் எதையும் பிடிக்காது.

முழு ஏ.டி.எஸ். வாங்குவது, ஒரே சமயத்தில் பல பணியிடங்களுக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வரும்போதுதான் கட்டுப்படியாகும். அதன் உண்மையான பலன் இரண்டாம் சுற்றில் தெரியும்: போன முறை நூலிழையில் தவறியவரை, ஆறு மாதம் கழித்து அதே இடம் காலியாகும்போது விளம்பரமே கொடுக்காமல் தேடி எடுத்துவிடலாம். வாங்கினால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் ஒதுக்கிய விண்ணப்பங்களில் கொஞ்சத்தை எப்போதாவது கையால் எடுத்துப் படியுங்கள். வடிகட்டி எதைக் கொட்டிவிடுகிறது என்பது அப்போது தெரியும்.

எந்த வழி ஆனாலும் பக்கக் கதவு ஒன்று திறந்திருக்க வேண்டும். சுத்தம் செய்வது, ஏற்றி இறக்குவது, சமையல் போன்ற வேலைகளுக்கு ஓ.டி.பி. கேட்கும் படிவம் வைத்தால், படிவம் நிரப்பத் தெரிந்தவர் கிடைப்பார். வேலை தெரிந்தவர் வாசலில் நின்று திரும்பிப் போவார். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானில் ஒத்துழைக்காத படிவம் பார்வையற்றவர்களை மொத்தமாக வெளியே தள்ளிவிடும். நேரில் வருபவரிடம் 'வெப்சைட்ல போடுங்க' என்று திருப்பி அனுப்பாமல், வரவேற்பில் இருப்பவரே கேட்டுக் கேட்டு அதே ஆன்லைன் படிவத்தில் நிரப்பிக் கொடுப்பது ஐந்து நிமிட வேலை. அந்தத் தட்டச்சை நிறுவனம் ஏற்றுக்கொள்வதில் ஒன்றும் குறைந்துவிடாது.

வேலை தேடும் பக்கம் இருப்பவர்களுக்கு முடிவெடுக்க அதிகம் இல்லை. ஆன்லைனில் போடச் சொன்னால் ஆன்லைனில்தான் போட வேண்டும். கூடவே காகிதத்தையும் அனுப்பினால் ஆர்வம் தெரியும் என்று சிலர் நினைக்கிறார்கள், அந்தக் காகிதம் பெரும்பாலும் யார் கணக்கிலும் ஏறாது. ரெஸ்யூம் ஒரே நெடுவரிசையாக, எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிற பி.டி.எஃபாக இருக்கட்டும். விளம்பரத்தில் அவர்கள் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்களோ அதே சொல்லில் உங்கள் திறமையை எழுதுங்கள். சமர்ப்பிக்கும் முன் நிரப்பிய பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விண்ணப்ப எண்ணோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணல் அறையில் பல நேரம் அவர்கள் முன் இருப்பது நீங்கள் பார்த்துப் பார்த்துத் தயாரித்த ரெஸ்யூமாக இருக்காது. படிவத்தின் கட்டங்களில் நீங்கள் அவசரமாகத் தட்டிய பதில்கள்தான் இருக்கும்.